வீட்டை எரித்தவள்

சித்த அக்கட்டால நகந்து உக்காரு அம்முணி. சன்னலோரம் நீயே இரு, எனக்குக் காத்து ஆகாது. அறச்சலூரு தாண்டித்தான எறங்கற? அப்பச் சரி, பேச்சுத் தொணைக்கு ஆச்சு. கோர்ட்டுக்குப் போயிட்டு வாரேன். அட, கோர்ட்டுன்னதும் ஏன் அப்படி முழிக்கற? கொலக்கேசு இல்ல சாமி, நுகர்வோர் கோர்ட்டு. கம்பெனிக்காரன் மேல போட்ட கேசு. இந்தக் கரண்டு வண்டி இருக்குதில்ல, சத்தமே இல்லாம பின்னாடி வந்து நிக்குமே ஸ்கூட்டரு, அந்தக் கருமம். அது வெடிச்சுத்தான் என்ற ஊடு எரிஞ்சு போச்சு.

ஊடுன்னா நீ நெனைக்கற மாதிரி ஓட்டுச்சாளை இல்ல. தேக்குல வாசல் நெலவு, மேல மரத்துல மச்சு, ஆசாரத்துல பத்து ஒறம்பரை வந்தாலும் தாராளமாப் படுக்கலாம். எங்கூட்டுக்காரரு மஞ்சள் நல்ல வெலைக்குப் போன வருசம் கட்டுனது. இப்ப நாலு செவுரு நிக்குது. மழை பேஞ்சா நாயி ஒதுங்கறதுக்குக்கூட ஆகாது. நானும் என்ற பையன் தாமோதரனும் லைன் ஊட்டுல வாடகைக்கு இருக்கறோம். எவனோ சமைக்கற மீன் கொழம்பு எங்கூட்டுல மணக்குது. எனக்கு இது தேவையா சொல்லு?

சரி, நான் சொல்ல வந்தது அதில்ல. இன்னைக்குக் கோர்ட்டுல கேச நான் கெடுத்துப்போட்டேனாம். நானு! எங்க வக்கீலு தலைல கைய வெச்சு உக்காந்துட்டான். பெத்த பையன் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டீங்கறான். உண்மையப் பேசுனவளுக்கு இந்த ஊருல என்ன மருவாதின்னு பாத்துக்க. மொதல்ல இருந்து சொல்றேன், கேட்டுப்போட்டு நீயே சொல்லு, எம்மேல என்ன தப்புன்னு.

எனக்கு ஒரு மருமக. பேரு கோகிலவாணி. வெள்ளகோயில்காரி. பாலு சங்கத்துல செக்ரட்டரி உத்தியோகம். பெரிய கலெக்டரு உத்தியோகம்னு நெனப்பு. விடியறதுக்கு முன்னாடி தோட்டம் தோட்டமாப் போயி பாலு அளக்கறது, சாயங்காலம் மறுக்கா ஒரு நடை. நடுவுல சங்கத்து ஆபீசுல உக்காந்து கணக்குப் பாக்கறது. ஆபீசு எங்க வீதிக் கடைசிலதான், பொடிநடையாப் போயிருவா. தோட்டத்துக்குப் போறதுக்கு அவளுக்கு வண்டி வேணும். பழைய மொபெட்டு ஒண்ணு இருந்துச்சு, நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு, சித்த பொகை வரும் அவ்வளவுதான். அது பத்தாதாம். பெட்ரோலு வெலை ஏறிப்போச்சாம். ஒரு நா கேக்காம கொள்ளாம, கரண்டு வண்டியக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தறா. அவ சம்பாத்தியமாம், அவ வாங்குனாளாம். நான் மஞ்சத்தண்ணி கூடத் தெளிக்கல.

அதோட கம்பெனியில இருந்து ஒருத்தன் வந்தான். சட்டையில கம்பெனி பேரு போட்டிருந்தான், அந்தப் பேர என்ற வாயால சொல்ல மாட்டேன். அவன் சுத்திச் சுத்திப் பாத்துப்போட்டு, வாசப்பக்கம் கார் செட்டு இருக்குதில்ல, அங்க செவுத்துல தொளை போட்டு ஒரு ப்ளக்கு மாட்டுனான். 'இங்கதாம்மா காத்தோட்டமா இருக்குது, இங்கயே சார்ஜு போடுங்க, வேற எடத்துல போடாதீங்க, வண்டி மேல எதையும் போட்டு மூடாதீங்க, சூடு வெளிய போவோணும்' அப்படின்னு பெரிய இவனாட்டம் பாடம் எடுக்கறான்.

எனக்கு அது ஆகவே ஆகாது. ஏன்னு கேளு. அந்தக் கார் செட்டு இருக்கறது ஈசானி மூலை அம்முணி! கெழக்கப் பாத்த வாசல், வடபக்கம் செட்டு. ஈசானி மூலைல தண்ணித் தொட்டி வெக்கலாம், தொளசி வெக்கலாம். அங்க போயி நெருப்பு வெப்பாங்களா? உங்கூட்டுல வெப்பீங்களா? மாட்டீங்கல்ல? குடும்பம் வெளங்குமா? காங்கயத்துல இருந்து வாஸ்துக்காரர வரவழைச்சு, அவரு கயிறு புடிச்சு அளந்து குடுத்த ஊடு அது. தென்கெழக்கு அக்கினி மூலைல சமையலறை, அங்கதான் அடுப்பு, அங்கதான் கிரைண்டரு, அங்கதான் நெருப்பு சம்பந்தப்பட்டது எல்லாமே இருக்கோணும்னு அடிச்சுச் சொல்லிப்போட்டுப் போனவரு அவரு. அதுக்கப்பறம் எங்கூட்டுல ஒரு கொறையும் வரல. எங்கூட்டுக்காரரு போனது வேற, அது சக்கரை வியாதி.

நான் மருமககிட்டச் சொன்னேன். 'அம்முணி, ஈசானில நெருப்பு ஆகாது, ப்ளக்க மாத்து' அப்படின்னு. அவ சிரிக்கறா. 'அத்தை, அது கரண்டுதானுங்க, நெருப்பில்லீங்க' அப்படிங்கறா. கரண்டு வேற நெருப்பு வேறயா? பத்திக்கிட்டு எரிஞ்சுதே, அப்பத் தெரிஞ்சுதா எதுன்னு? படிச்சவளாம். அவ படிச்ச படிப்புல அது இல்ல போல. தாமுகிட்டச் சொன்னா, 'விடும்மா, அவங்க கம்பெனில சொல்றாங்க' அப்படின்னான். கம்பெனிக்காரன் சொன்னா வேதம், பெத்தவ சொன்னா பைத்தியம்.

நான் மல்லுக்கட்டல. மல்லுக்கட்டறது என்ற வழக்கமே இல்ல, எங்க வீதில யார வேணா கேட்டுப் பாரு. என்ன பண்ணோணுமோ அத நான் பண்ணிக்கிட்டேன். அதுக்கு அப்பறம் வாரேன்.

அப்பறம் ஊடு எரிஞ்ச கதையச் சொல்றேன். அன்னைக்கு எங்க பங்காளி ராசாமணி ஊட்டுல உப்புச்சக்கரை மாத்தறாங்க, அவ புள்ளைக்கு நிச்சயம். நான் பட்டுச்சேலை கட்டிக்கிட்டுப் போயிட்டேன். மாப்பள ஊட்டுக்காரங்க தட்டு மாத்தற நேரம், எவனோ ஓடியாரான், 'ஆத்தா, உங்கூட்டுல பொகையிது'ன்னு. நான் ஓடி வர்றதுக்குள்ள மச்சு பத்திருச்சு. பக்கத்துத் தோட்டத்து மாரப்பன், பொகைல எந்த எடம்னுகூடத் தெரியாம, தொரட்டியப் போட்டு வண்டிய வாசலுக்கு இழுத்துப் போடறான், அது நடு வாசல்ல கெடந்து கொழுந்து விட்டு எரியுது, மண்ணப் போட்டா அணைய மாட்டீங்குது, தண்ணிய ஊத்துனா படபடன்னு வெடிக்குது. தீயணைப்பு வண்டி வந்து சேரறதுக்குள்ள என்ற ஊடு போச்சு. பீரோவோட போச்சு. எங்கூட்டுக்காரரு போட்டோவோட போச்சு. நான் வாசல்ல உருண்டு அழுவறேன் அம்முணி. அந்த வயித்தெரிச்சல் இன்னும் எனக்கு அடங்கல.

மருமக என்ன பண்ணுனா தெரியுமா? சங்கத்துல இருந்து மொதல்ல ஓடியாந்தவ இவதான். வந்தவ நேரா எரியற ஊட்டுக்குள்ள போயிட்டா. எதுக்கு? 'அத்தை, அத்தை'ன்னு என்னையத் தேடிக்கிட்டு! நான் அங்க எதுக்கு இருக்கறேன்? உப்புச்சக்கரைக்குப் போறேன்னு இவகிட்டச் சொல்லிட்டுத்தான போனேன். சொன்னனா... சொல்லியிருப்பேன். சொல்லாட்டித்தான் என்ன, ஊரே போயிருக்குது, நான் மட்டும் ஊட்டுல உக்காந்திருப்பனா? சித்த நிதானமா யோசிக்க வேண்டாமா? அவசரக்குடுக்கை. மச்சுக்கட்டை ஒண்ணு எரிஞ்சு விழுந்து, சோத்துக்கை முழங்கை வரைக்கும் வெந்து போச்சு. மாரப்பன்தான் இழுத்து வெளிய போட்டான்.

ஆசுபத்திரிக்கு நான் போகாம இல்ல. ஆரஞ்சு வாங்கிட்டுத்தான் போனேன். போயி, எனக்கு மனசு ஆறல, கேட்டுப்போட்டேன். 'பாத்தியா உன்ற வண்டி பண்ணுன வேலைய? ஈசானில வெக்காதன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டனே, கேட்டியா?' அப்படின்னு. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டா. கண்ணுல தண்ணி. தப்புப் பண்ணுனவளுக்குத் தண்ணி வரத்தான செய்யும்?

அப்பறம் லைன் ஊட்டுக்கு வந்தோம். அவளும் கட்டுப் போட்ட கையோட வந்தா. ஒறம்பரை துக்கம் விசாரிக்க வாராங்க, 'எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு'ன்னு. நான் என்னத்தச் சொல்றது? இவளக் காட்டிச் சொன்னேன், 'இதா நிக்கறாளே, இவ வாங்கியாந்த வண்டிதான், இவதான் என்ற ஊட்ட எரிச்சவ' அப்படின்னு. இருக்கறதச் சொன்னேன். நீயே சொல்லு, வண்டி அவளுதா, எம்பட வண்டியா? ஒரு நாளு எங்க நாத்தனா, சின்ன நங்கையா எதுக்க வெச்சே சொல்லிப்போட்டேன், 'ஊட்ட எரிச்சவ ஆக்கற சோத்த நான் திங்க மாட்டேன்'னு. தாமு பக்கத்துலதான் நின்னான். அவனும் அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னான், 'நீ அந்த வண்டிய வாங்காம இருந்திருந்தா...' அப்படின்னு இழுத்தான். அவ்வளவுதான். மறுநா பெட்டியக் கட்டிக்கிட்டு வெள்ளகோயிலுக்குப் போயிட்டா. யாரு போகச் சொன்னது? நானாகப்பட்டவ போன்னு ஒரு வார்த்தை சொல்லல.

போனவ சும்மா போனாளா? எங்க வீதியே கேக்கறாப்புல தாமுகிட்டச் சொல்லிப்போட்டுப் போறா. 'நான் வாங்குன வண்டியால போன ஊட்ட நானே கட்டிக் குடுக்கறேனுங்க. கம்பெனி மேல கேசு போட்டு, நஷ்ட ஈடு வாங்கி, ஊடு எந்திரிச்ச பொறகு உங்களுக்கு இஷ்டமிருந்தாக் கூப்புடுங்க, வாரேன். அதுவரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன்' அப்படின்னு. ரோசத்தப் பாத்தியா? நான் விடுவனா? 'ஊடு கட்டிப்போட்டே வரட்டும்'னு தாமுகிட்டச் சொல்லிட்டேன். அவன் மொதல்ல நாயித்துக்கெழமை நாயித்துக்கெழமை போயிட்டு வந்துட்டு இருந்தான். நான்தான் நிறுத்துனேன். ரோசக்காரி ஊட்டுல போயி என்ற பையன் எதுக்குக் காத்துக் கெடக்கோணும்?

ஆனா ஒண்ணு, கேசு போட்டா. அதையும் சொல்லோணுமில்ல. ஈரோட்டுக்கு நடையா நடந்து, தங்கவடிவேலுன்னு ஒரு வக்கீலப் புடிச்சு, இந்தக் கம்பெனி வண்டி எங்கெங்க எரிஞ்சுதுன்னு பேப்பருல வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டி, ஒத்தையா நின்னு போட்டா. அந்த வெந்த கையால கையெழுத்துக்கூட நேரா வராது. நஷ்ட ஈடு வந்துரும், ஊடு கட்டிரலாம்னு வக்கீலு தைரியம் சொன்னான். எனக்கும் உள்ளுக்குள்ள ஆசைதான். சாவறதுக்குள்ள என்ற ஊட்டு ஆசாரத்துல படுக்கோணும். அதுக்குத்தான் இன்னைக்கு நானும் வரேன்னு வந்தேன். தாமு, 'நீ எதுக்கும்மா, உன்னைய யாரும் கூப்புடல'ன்னான். என்ற ஊட்டுக் கேசு, நான் வராம வீதில போறவளா வருவா?

கோர்ட்டுன்னா சினிமாவுல காட்டற மாதிரி எல்லாம் இல்ல. ஒரு ரூம்பு. மேல மேடையில ஜட்ஜு, ஒரு அம்மா, பக்கத்துல ஒரு பெரியவரு. கடைசிப் பெஞ்சுல நான் உக்காந்துட்டேன். கம்பெனிப் பக்கம் பாத்தா ஒரு இஞ்சினீரு வந்திருந்தான். மொழுமொழுன்னு சேவு பண்ணிக்கிட்டு, கம்ப்யூட்டர மடியில வெச்சுக்கிட்டு, சொல்றாம் பாரு, 'எங்க வண்டி மேல எந்தக் கோளாறும் இல்லீங்க. தீ பத்துனது சமையலறைல. அங்கதான் செவுரு வெடிச்சிருக்குது. கார் செட்டுல தூணுல அடிச்ச சுண்ணாம்பு கூடக் கருகல. வண்டி செட்டுல நின்னிருந்தா அங்கதான மொதல்ல எரிஞ்சிருக்கோணும்? கேஸ் அடுப்புல இருந்து பத்திருக்குது, அதுல எங்க வண்டி மாட்டிக்கிச்சு' அப்படிங்கறான். அடங்கொப்புரானே! என்ற அடுப்ப நான் அணைக்காமப் போயிட்டேன்னு சொல்றாம் பாத்தியா? சிலிண்டரு வெடிக்கவே இல்ல, கல்லாட்டம் அப்படியே கெடந்துச்சு. வாயக் கிழிச்சிருப்பேன், தாமு கையப் புடிச்சுக்கிட்டான்.

கம்பெனி வக்கீலு எந்திரிச்சான். வயசானவரு, நல்லா நெத்தி நெறையத் துண்ணூறு. அவரு இவளக் கேக்கறாரு, 'வண்டிய எங்க நிறுத்துனீங்க?'ன்னு. 'செட்டுலதானுங்க. காலைல ப்ளக்கப் போட்டுட்டு ஆபீசுக்குப் போனேனுங்க.' 'செட்டுல தூணு கருகல. அப்பறம் எப்படி வண்டி மொதல்ல எரிஞ்சுது?' இவ தலையக் குனிஞ்சுக்கிட்டு, 'தெரியலீங்க' அப்படிங்கறா. மறுக்காக் கேக்கறாரு. மறுக்காவும், 'தெரியலீங்க.' எங்க வக்கீலு தங்கவடிவேலு காயிதத்தப் பொரட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தான்?

எனக்குப் பொறுக்கல அம்முணி. ரெண்டு விசயத்துல பொறுக்கல. ஒண்ணு, என்ற அடுப்பு மேல பழி. இன்னொண்ணு, என்ற ஊட்டுல, நான் உசுரோட இருக்கயில, ஈசானி மூலைல நெருப்பு வெச்சு இருந்தாங்கன்னு நாலு பேரு எதுக்க எழுதிக்கறாங்களே! ஊருல என்ன பேசுவாங்க? எந்திரிச்சுப்போட்டேன். 'அய்யா, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வண்டி செட்டுல நிக்கவே இல்லீங்க. அக்கினி மூலைலதான் நின்னுதுங்க. சமையலறைல!' அப்படின்னேன்.

மேல இருந்த அம்மா, 'நீங்க யாரும்மா?'ன்னாங்க. 'ஊட்டுக்காரிங்க. இவ மாமியாரு, பேரு பாவாத்தா.' தாமு சேலையப் புடிச்சு இழுக்கறான், நான் கைய ஒதறிட்டேன். எங்க வக்கீலுப் பையன் மூஞ்சியப் பாக்கோணும் நீ, லைட்டுப் போட்டாப்புல ஆயிருச்சு. 'அம்மா, சமையலறைல எரிஞ்சது வண்டிதாங்க, அப்பக் கேஸ் அடுப்பு இல்லீங்க, இவங்க நேருல பாத்த சாட்சிங்க' அப்படின்னு துள்ளறான். நான் நெனச்சேன், பாத்தியா, இத்தன நாளா இவங்க கிழிச்சது என்ன, நான் ஒரே வார்த்தையில கேச முடிச்சுட்டேன்னு. அந்த அம்மா என்னைய முன்னாடி வந்து சொல்லச் சொன்னாங்க. சாமி மேல சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. சேலைய நல்லா இழுத்துப் போத்திக்கிட்டுப் போயி நின்னேன்.

கம்பெனி வக்கீலு இருக்காரே, அவரு மனுசன். எதிர்க்கட்சின்னாலும் அவருதான் மனுசன். 'அம்மா, உக்காந்துக்கிட்டே சொல்லுங்க'ன்னு சேரு போடச் சொன்னாரு. 'வண்டிய யாருங்கம்மா சமையலறைக்குக் கொண்டு போனது?' 'நான்தாங்க. மருமக ஆபீசுக்குப் போனதும் உருட்டிக்கிட்டு வந்துருவேனுங்க.' 'தெனமுமா?' 'தெனமுந்தாங்க. ஒரு நா வெச்சா மட்டும் போதுங்களா, வாஸ்து?' 'அங்க எந்த ப்ளக்குலம்மா போடுவீங்க?' 'கிரைண்டரு ப்ளக்குலங்க. பெட்டி ஒயரு ஒண்ணு இருக்குது, தைப்பூசத்துக்கு சீரியல் லைட்டுப் போடறது, அத இழுத்துக்குவேன்.' 'வண்டி மேல ஏதாச்சும் போடுவீங்களா?' 'சும்மாவா உடுவாங்க? ஜமக்காளம் போட்டு மூடிருவேன். அசல் பவானி ஜமக்காளமுங்க, ரெட்டையா மடிச்சு. வாரவ போறவ கண்ணு படக் கூடாதில்லீங்க, புது வண்டி.' அவரு ஒவ்வொண்ணுக்கும், 'சரிங்கம்மா, சரிங்கம்மா'ன்னு தலைய ஆட்டறாரு. என்ற பேச்ச அப்படிக் காது குடுத்துக் கேட்டவங்க எங்கூட்டுக்காரருக்கு அப்பறம் அவருதான்.

எங்க வக்கீலு எந்திரிச்சு, 'போதுங்கம்மா, உக்காருங்க' அப்படிங்கறான். நான் உக்காந்துதான இருக்கறேன், கண்ணு தெரியாதவனாட்டம். 'நீ சும்மா இரு கண்ணு, உனக்குத் தெரியாது'ன்னுட்டேன். கம்பெனி வக்கீலு கேக்கறாரு, 'எங்க ஆளு வேற எடத்துல போட வேண்டாம், மூட வேண்டாம்னு சொன்னது உங்களுக்குத் தெரியுங்களா?' 'சொன்னானுங்க. என்ற காதுலயே சொன்னான். அவனுக்கு என்னங்க தெரியும், வாஸ்து படிச்சவனா அவன்?' கடைசியா, 'மருமகளுக்கு இதெல்லாம் தெரியுங்களாம்மா?' 'அவளுக்கு எப்படிங்க தெரியும்? அவ ஊட்டுக்கு வர்றதுக்குள்ள திருப்பிச் செட்டுல கொண்டு போயி நிறுத்தி, ப்ளக்கையும் மாட்டி வெச்சுருவேன்ல. அவகூட எவ மல்லுக்கட்டறது? அன்னைக்கு உப்புச்சக்கரைல நேரமாயிப் போச்சுங்க, அவ்வளவுதான்.'

அவரு அந்தம்மாவப் பாத்துக் கும்புட்டுட்டு, 'எனக்கு வேற கேள்வி இல்லீங்க' அப்படின்னாரு. எம்பக்கம் திரும்பி, 'நொம்ப நன்றிங்கம்மா, தெளிவாச் சொன்னீங்க'ன்னாரு. நான் கைய எடுத்துக் கும்புட்டேன். நான் தெளிவாப் பேசலைன்னு என்னைய இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல.

வெளிய வந்தா தங்கவடிவேலு ஒப்பாரி வெக்காத கொறை. தீர்ப்பு அப்பறம் சொல்லுவாங்களாம், ஆனா கேசு முடிஞ்சுதாம். வண்டில கோளாறு இருந்தாலும், சொன்ன எடத்துல வெக்காம, சொன்ன ப்ளக்குல போடாம, போத்தி மூடி வெச்சதுக்குக் கம்பெனி எதுக்குக் குடுப்பான்னு கேக்கறான். நல்லாருக்குதே நாயம்! ஒரு ஜமக்காளத்துக்குத் தாங்காத வண்டி வண்டியா? கிரைண்டரு நாலு மணி நேரம் ஓடுது அதே ப்ளக்குல, அது எரிஞ்சுதா? இதையெல்லாம் எடுத்துப் பேசத்தான உனக்குப் பீசு குடுத்தது? இதக் கேட்டா, 'இத நீங்க எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே'ங்கறான். நீ எங்கடா கேட்ட? ஒருத்தராவது, ஒருத்தராவது எங்கிட்ட வந்து, 'பாவாத்தா, வண்டி எங்க நின்னுது'ன்னு கேட்டீங்களா? கேட்டிருந்தா நான் சொல்லாமயா இருந்திருப்பேன்?

இப்ப அவ கதைக்கு வாரேன். கோர்ட்டு வெராண்டாப் படிக்கட்டுல உக்காந்திருக்கா. கேசு போச்சு, ஊடு போச்சு, இனி எங்கூட்டுப் படி ஏற முடியாது, அவ வாயாலயே சொன்னது. ஏதாச்சும் பேசுவா, என்னைய வைவா, நானும் நாலு குடுக்கலாம்னு தயாராத்தான் போயி நின்னேன். அவ நிமுந்து பாத்துக் கேக்கறா, 'அத்தை, அப்ப நான் வெச்ச எடத்துல அது எரியலீங்களா?' 'இல்லைன்னுதான இத்தன நேரம் உள்ள கத்துனேன், காதுல பஞ்சு வெச்சிருந்தியா?'ன்னேன். மறுக்காவும் கேக்கறா, 'நான் போட்ட ப்ளக்குல இல்லீங்களா?' 'இல்லடி, கிரைண்டரு ப்ளக்குல!' அவ்வளவுதான் அம்முணி. மடியில மூஞ்சியப் பொதைச்சுக்கிட்டு அழுவறா. அழுவறான்னா அப்படி இப்படி இல்ல, கோர்ட்டுக்கு வந்த சனமெல்லாம் நின்னு பாக்குது. ஊடு எரிஞ்சப்ப அழுவாதவ, கை வெந்து போயிக் கெடந்தப்பச் சத்தம் போடாதவ, இன்னைக்கு என்னத்துக்கு?

அப்பறம் பாத்தா அழுதுக்கிட்டே சிரிக்கறா! எனக்குப் பகீர்னுது. ஒருவேளை புத்தி கித்தி பிசகிருச்சோன்னு. கேசு தோத்ததுக்கு எவளாச்சும் சிரிப்பாளா? கூறு இருக்குதா?

என்ற பையன் இருக்கானே, அவன் அவ பக்கத்துல படியிலயே உக்காந்துட்டான். துணியெல்லாம் மண்ணு. அந்த வெந்த கையத் தூக்கி அவன் மடில வெச்சுக்கிட்டு, அந்தத் தழும்பத் தடவிக்கிட்டு, 'என்னைய மன்னிச்சுரு கோகிலா, என்னைய மன்னிச்சுரு'ன்னு சொன்னதையே சொல்றான். ஆம்பளை அம்முணி! நாலு பேரு பாக்க! இவன் எதுக்கு மன்னிப்புக் கேக்கோணும்? ஊட்டப் பறிகுடுத்தது நாங்க. அவகிட்ட வாங்கறத வுட்டுப்போட்டு இவன் குடுத்துட்டு இருக்கான். எனக்கு அந்த எடத்துலயே நாக்கப் புடுங்கிக்கலாம் போல ஆயிருச்சு.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தான். என்னைய இந்த பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டு, 'நீ போம்மா, நான் வெள்ளகோயிலு போறேன்' அப்படின்னான். 'அவளக் கொண்டு போயி உட்டுட்டு எப்ப வருவ? சோறு ஆக்கி வெச்சுட்டு வந்திருக்கறேன்'ன்னு கேட்டேன். ரெண்டு பேரும் ரோட்டத் தாண்டி அந்தப் பக்கத்து பஸ்ஸுக்குப் போறாங்க. வாகனம் வருதுன்னு அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறான். நல்ல கை ஒண்ணு இருக்குது, அத வுட்டுப்போட்டு அந்த வெந்த கையப் புடிச்சுக்கிட்டு. பெத்தவ பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கறாளேன்னு திரும்பிப் பாத்தானா? பாக்கல. நாளைக்கோ நாளான்னைக்கோ வருவான். வராம எங்க போவான்?

இதுல என்ற தப்பு எங்க இருக்குதுன்னு சொல்லு பாக்கலாம். பொய் சொன்னனா? சாமி மேல சத்தியம் பண்ணி, நடந்தத நடந்தபடி சொன்னேன். அவ மேல நான் அபாண்டமாப் பழி போட்டேன்னு வக்கீலு மொணமொணங்கறான். அபாண்டமாம்! இத்தன நாளும் ஒறம்பரை எதுக்க, ஊரு எதுக்க, 'ஊட்ட எரிச்சவ, ஊட்ட எரிச்சவ'ன்னு வாய் நோவற வரைக்கும் சொன்னனே, ஒருக்கா, ஒரே ஒருக்கா, 'நானில்லைங்கத்தை'ன்னு அவ சொன்னாளா? குத்தமில்லாதவளா இருந்தா வாயத் தெறந்து சொல்லியிருப்பாள்ல?